வரி போக, விலைவாசி போக: 20 லட்சத்தை எங்கே வைத்தேன்

மறைமலைநகருக்குத் தெற்கே ஒரு மனை வைத்திருந்தேன். 2012-ல் பத்திரச் செலவெல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ஆனது. 2024 நவம்பரில் 15 லட்சத்துக்கு விற்றேன். முதிர்ந்து கிடந்த ஓர் எஃப்டியும் அதோடு சேர, கையில் 20 லட்சம். எனக்கு வயது 46. ஓய்வு 58-ல். அதுவரை இந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தொடும் அவசியம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

விற்ற பணத்தை ஓராண்டு எஃப்டியில் போட்டுவிட்டு, யோசித்தே அந்த வருடத்தைக் கழித்தேன். எஃப்டி, தங்கம், இன்னொரு மனை, பங்கு, அப்பாவின் பெயரில் அஞ்சலகம் என்று ஐந்து வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் தரும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணிலிருந்து வரியைக் கழித்து, அப்புறம் எங்கள் வீட்டு விலைவாசியையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. நானே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கீழே இருப்பது அந்தக் கணக்கு. என் சம்பளம், என் வரி வரம்பு, என் அப்பா, எல்லாம் என்னுடையவை. உங்கள் வீட்டுக்கு எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலைவாசி யாருடையது?

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று செய்தி வந்தது. அதே மாதம் குரோம்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்புக் கட்டணம் 2,800-லிருந்து 3,300 ஆனது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் செல்போனில் இருந்த செய்தியைக் காட்டிச் சண்டை போட்டார். வாட்ச்மேன் சம்பளத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் அந்தச் செய்தி தெரியாதே, பாவம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அப்போதிருந்த குறியீட்டில் உணவுப் பொருட்களின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதம். காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட நன்றாக இறங்கியிருந்ததால் மொத்த எண்ணும் இறங்கியது. வருடம் 90 ஆயிரம் செலவழிக்கும் வீட்டில் தக்காளி விலை இறங்கினால் நிம்மதி. எங்கள் வீட்டில் தக்காளியைவிட டாக்டருக்கும் பராமரிப்புக்கும்தான் அதிகம் போகிறது. அவை இறங்கி நான் பார்த்ததே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 60 ஆனது. நாங்கள் தினம் ஒரு லிட்டர் வாங்குகிறோம். அந்தப் பொருளில் மட்டும் எங்கள் பணவீக்கம் 25 சதவீதம். ஆனால் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவி தினமும் தாம்பரம் போய்வரும் செலவு பூஜ்யம் ஆனது. ஆகவே பணவீக்கம் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

நல்லவேளை, என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கணக்கு நோட்டு எழுதுகிறாள். வீட்டுக் கடன் தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தோம். 2015-ல் சராசரியாக மாதம் 31,000. 2025-ல் 55,500. கூட்டுவட்டியில் போட்டால் வருடத்துக்கு 6 சதவீதம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 வரை அனுமதி. எங்கள் வீடு அந்த மேல் கோட்டிலேயே குடியிருக்கிறது. ஆக, என் பணம் வரி போக வருடம் 6 சதவீதம் வளர்ந்தால்தான் நின்ற இடத்தில் நிற்கிறது.

எஃப்டி: எனக்கு ஒரு கணக்கு, அப்பாவுக்கு வேறு கணக்கு

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்து டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது. பெரிய வங்கிகளில் இப்போது ஆறரை கிடைப்பதே பெரிய பாடு. இருந்தாலும் எஃப்டிக்குச் சாதகமாக 7 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்.

20 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,40,000. புதிய வரி முறையில் என் மேல் வரம்பு 20 சதவீதம், வரி மேல் வரும் செஸ் தீர்வையைச் சேர்த்தால் 20.8. வரி 29,120. கையில் நிற்பது 1,10,880. ஆனால் 6 சதவீத விலைவாசியில் 20 லட்சம் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே 1,20,000 வேண்டும். 9,120 ரூபாய் குறைகிறது. லாபமே இல்லாத இடத்தில் 29 ஆயிரம் வரி கட்டியிருக்கிறேன். வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த 1,40,000 முழுவதும் வருமானம். அதில் 1,20,000 வெறும் விலைவாசி ஈடு என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம். எஃப்டி மேல் எனக்கு இருக்கும் உண்மையான கோபம் இதுதான். வட்டி குறைவு என்பதல்ல.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து மொத்தமாக வாங்கும் எஃப்டி போட்டாலும், வட்டி ஏறும் ஒவ்வொரு வருடமும் வரி உண்டு. கைக்கு வராத பணத்துக்கு வரி. வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ் பிடித்தால் அதோடு முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. அது 10 சதவீதம்தான், மிச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

12 வருடம் இப்படியே ஓட்டினால் என் 20 லட்சம் 38.2 லட்சம் ஆகும். விலைவாசியோடு சமமாக நிற்கத் தேவை 40.2 லட்சம்.

வங்கி மூழ்கினால் ஒருவருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம்தான், 2020-லிருந்து. அதற்கு முன் வெறும் ஒரு லட்சமாக இருந்தது. எனவே எஃப்டி பக்கம் போகிறவர்கள் நாலு வங்கியில் பிரித்து வைப்பது நல்லது. இந்த ஊருக்கு அது தெரியாத பாடமும் அல்ல. 1906-ல் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி திவாலானபோது சென்னையின் பாதி வீடுகள் சேமிப்பை இழந்தன என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதி என்பது தாத்தாவின் கணக்கு. ஆனால் அந்த வீழ்ச்சியின் சூட்டில்தான் அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது.

இப்போது அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கும் அப்பாவைப் பார்ப்போம். வயது 74. ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 12 லட்சத்துக்கு வெகு கீழே. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி பூஜ்யம். அதோடு, 60 வயது தாண்டியவர்களுக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம். போடும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடும்.

8.2-ல் விலைவாசி 6 போக 2.2 மிச்சம், அதுவும் அரசு உத்தரவாதத்தோடு. நான் போட்டால் நஷ்டம், அப்பா போட்டால் லாபம். இடையில் இருப்பது ஒரு சுவர்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மனைவிக்குப் பணம் கொடுத்து அவள் பெயரில் போட்டால், அதில் வரும் வருமானம் என் வருமானத்தோடு சேர்க்கப்படும். பெற்றோருக்குக் கொடுத்தால் அப்படிச் சேர்ப்பதில்லை. மகன் தரும் அன்பளிப்புக்கு அப்பா வரி கட்டவும் வேண்டாம். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், அது இனி அப்பாவின் பணம். நாமினியாக என்னைப் போட்டாலும், நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பவர் மட்டுமே. எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்.

கணக்கைவிட இந்த இடத்தில்தான் நான் அதிக நாள் தயங்கினேன். கடைசியில் திருச்சிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அப்பா பேர்ல கொஞ்சம் பணம் போடலாம்னு இருக்கேன். வரிக்காகத்தான்."

"போடேன். அதுக்கு எதுக்குடா இவ்ளோ இழுக்கற?"

"இல்ல, நாளைக்கு..."

"நாளைக்குன்னா ஒரு உயில் எழுதச் சொல்லு. நான் கேக்க மாட்டேன்னு நீ நெனச்சுக்காதே, எழுதி வெச்சுட்டா நான் கேக்க வேண்டிய அவசியமே இல்ல பாரு."

அவள் வங்கியில் வேலை பார்த்தவள். இருபது வருடம் நாமினிச் சண்டைகளைப் பார்த்திருக்கிறாள்.

தங்கம்

2025 டிசம்பரில் சென்னையில் ஒரு சவரன் லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2020 ஆகஸ்டில் 43 ஆயிரத்தை ஒட்டி இருந்ததுதான் இது. இந்த வேகத்தைப் பார்த்து என் சித்தி, "அப்பவே சொன்னேன் கேட்டியா" என்று நவராத்திரியிலிருந்து பொங்கல் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் 2012-ன் கடைசியிலும் அவர் இதையே சொன்னார். அப்போது பத்து கிராம் சுத்தத் தங்கம் 31 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. 2018-லும் ஏறக்குறைய அதே விலை. ஆறு வருடம் அசையவில்லை. தங்கம் விலைவாசியை மிஞ்சும் என்பது சரி, எப்போது மிஞ்சும் என்பதை அது யாரிடமும் சொல்வதில்லை.

நகையாக வாங்கினால் கதையே வேறு. உஸ்மான் சாலையில் சேதாரம் 12 சதவீதம் என்று வைத்து, மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால், 20 லட்சத்துக்குக் கையில் வருவது 17.3 லட்சத்துக்கான தங்கம். கடை வாசலைத் தாண்டும்போதே 2.7 லட்சம் போயிற்று. போட்டு அழகு பார்ப்பதற்கு அது விலை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலீடு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கத்தில் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு அரசின் தங்கப் பத்திரம். 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளியிட்ட முதல் பத்திரத்துக்கு 2023 நவம்பரில் 6,132 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் 2.75 சதவீத வட்டி வேறு. எட்டு வருடம் காத்திருந்து முதிர்வில் பணம் பெற்றவர்களுக்கு விலை ஏற்றத்தின் மேல் வரி கிடையாது. வாங்கியவர்களுக்கு இவ்வளவு நல்லது என்றால் அரசுக்கு எவ்வளவு செலவு என்று யோசித்துப் பாருங்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடே வரவில்லை.

மிச்சம் இருப்பது தங்க ஈடிஎஃப், அதாவது பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி. சேதாரம் இல்லை, லாக்கர் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் 12.5 சதவீதம் வரி. பங்குக்குக் கிடைக்கும் ஒன்றேகால் லட்ச விலக்கு இதற்கு இல்லை. பத்துக்கு ஒரு பங்கு இங்கே இருக்கட்டும் என்பது என் கருத்து. சித்திக்கு அது போதாது.

இன்னொரு மனை?

வேண்டாம். காரணத்தை நான் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

விற்றவர் காட்டிய வரைபடத்தில் 40 அடி சாலை இருந்தது. 12 வருடத்தில் அது வண்டித்தடமாகவே இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை போய் முள்செடி வெட்ட ஆள் வைத்தேன், ஒரு முறை எல்லைக் கல்லையே காணோம். வாடகை என்று ஒரு ரூபாய் வரவில்லை. விற்க முடிவெடுத்த பிறகு, பணத்தோடு வரும் ஆளைப் பிடிக்க 14 மாதம் ஆனது. 6.5 லட்சம் 15 லட்சமானது என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 7.2 சதவீதம். முள்வெட்டுக் கூலியும் என் ஞாயிற்றுக்கிழமைகளும் இதில் சேரவில்லை.

வரியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2024 ஜூலை 23 முதல் விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகையை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் 12.5 சதவீதம் என்று வைத்தார்கள். கூச்சல் கிளம்பியதும், அந்தத் தேதிக்கு முன்பு நிலமோ வீடோ வாங்கியவர்கள் சலுகையோடு பழைய 20 சதவீதம், சலுகை இல்லாமல் 12.5, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று இறங்கி வந்தார்கள். வரித்துறை இதற்கு வைத்திருக்கும் விலைவாசிக் குறியீட்டு எண் 2012-13-ல் 200, 2024-25-ல் 363. என் ஆறரை லட்சம் 11.8 லட்சமாகக் கணக்கானது. லாபம் 3.2 லட்சம், அதில் 20 சதவீதம் 64 ஆயிரம். சலுகை இல்லாமல் இருந்திருந்தால் எட்டரை லட்சத்துக்கு 12.5 சதவீதம், 1,06,250. விலைவாசியை வரியிலிருந்து கழிப்பதற்கு நம் சட்டத்தில் இருந்த நேர்மையான வழி அது ஒன்றுதான். இனி மனை வாங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

வாங்கும்போது முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். 20 லட்ச மனைக்கு 1.8 லட்சம். முதல் வருடம் 9 சதவீதம் ஏறினால்தான் போட்ட இடத்துக்கு வரும். குடியிருக்க ஒரு வீடு என்பது வேறு விஷயம். அதை நான் இந்தத் தராசிலேயே வைக்கவில்லை.

பங்கு

எங்கள் பெரிய மாமா காகிதப் பங்குப் பத்திரங்கள் காலத்து ஆள். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் சென்னைப் பங்குச் சந்தை இருந்தபோது அங்கே தரகர் அலுவலகத்துக்கு நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவர். அந்தச் சந்தை 2015-ல் மூடப்பட்டது. அவர் வைத்திருந்த பத்திரங்களில் ஒன்று வீட்டையே வாங்கிக் கொடுத்தது. ஏழெட்டு இன்றும் பரணில் இருக்கின்றன, அந்த நிறுவனங்கள்தான் இல்லை. எது வீடு, எது பரண் என்று அவருக்கே முன்னால் தெரியாது. எனக்கும் தெரியாது. 2016-ல் நானாகப் பொறுக்கிய ஐந்து பங்குகளில் இரண்டு பரணுக்குப் போய்விட்டன. எனவே தனிப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை விட்டேன். பங்கின் நாளைய விலை மேல் பந்தயம் கட்டும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தச் சூதாட்டம் (எஃப் அண்ட் ஓ) பற்றி ஒரு வரி போதும்: பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் ஆய்வில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம்.

நான் ஒப்பிடுவது குறியீட்டு நிதியை மட்டும். தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியில் இருக்கும் 50 நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வாங்கிவைக்கும் நிதி. 1995 நவம்பரில் 1,000 என்று வைத்துத் தொடங்கிய நிஃப்டி, 30 வருடம் கழித்து 2025 நவம்பரில் 26,000-ஐ ஒட்டி நின்றது. ஈவுத்தொகை சேர்க்காமலே வருடத்துக்குப் பதினொன்றரை சதவீதம் வருகிறது. இதைச் சொல்லி நிறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். 2008 ஜனவரியில் 21,000 தொட்ட மும்பைச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சம். அந்த உச்சத்தில் போட்டவர், அதைத் தாண்டி நிம்மதியாக மூச்சுவிட ஏறக்குறைய ஆறு வருடம் ஆனது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,935 புள்ளி, கிட்டத்தட்ட 13 சதவீதம். அன்று மாலை நான் மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. விற்கவில்லை. தைரியம் என்றெல்லாம் இல்லை, கடவுச்சொல் மறந்துபோயிருந்தது.

ஆகவே பங்கு 10 தரும், 12 தரும் என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். வேறு கேள்வி கேட்கிறேன். பங்கும் எஃப்டி மாதிரியே வெறும் 7 சதவீதம்தான் தருகிறது என்று வைத்தால் என்ன ஆகும்?

12 வருடத்தில் 20 லட்சம் 45 லட்சம் ஆகும். இடையில் ஒரு வருடமும் வரி இல்லை, ஏனென்றால் விற்கவில்லை. கடைசியில் விற்கும்போது லாபம் 25 லட்சம். அதில் ஒன்றேகால் லட்சம் விலக்கு. மீதிக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும், ஆக 13 சதவீதம். வரி 3.1 லட்சம். கையில் 41.9 லட்சம். அதே 7 சதவீதத்தில் எஃப்டி கொடுத்தது 38.2. ஒரே வருவாய், ஒரே காலம், வித்தியாசம் 3.7 லட்சம். வரி குறைவாக இருப்பது ஒரு காரணம். கடைசியில் மட்டும் கட்டுவதால், கட்ட வேண்டிய வரியும் 12 வருடம் என் பக்கம் நின்று வளர்ந்தது இன்னொரு காரணம்.

திருப்பிப் போட்டும் பார்த்தேன். எஃப்டியின் 38.2 லட்சத்தை எட்ட, குறியீட்டு நிதி வருடம் 6.1 சதவீதம் தந்தால் போதும். 10 சதவீதம் தந்துவிட்டால் வரி போக 57 லட்சம். என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இந்த 6.1. பங்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, எஃப்டியைவிடக் கொஞ்சம் தோற்றாலும் எனக்குச் சமம்.

இது என் வரி வரம்புக்குத்தான். அப்பாவுக்கு இந்த வாதம் ஒன்றும் செல்லாது. அவருடைய வட்டிக்கு வரியே இல்லை. மாறாக, 12 லட்சம் வரையான தள்ளுபடி பங்கு லாபத்தின் மேல் வரும் சிறப்பு வரிக்குப் பொருந்தாது. 74 வயதில் ஆறு வருடம் காத்திரு என்று ஒருவரிடம் சொல்வதும் நியாயமில்லை.

இந்த வரி இப்படியே இருக்குமா? இருக்காது. 2004-லிருந்து 2018 வரை நீண்டகாலப் பங்கு லாபத்துக்கு வரியே இல்லை. 2018-ல் ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் வந்தது. 2024-ல் அது 12.5 ஆனது, விலக்கு ஒன்றேகால் ஆனது, ஒரு வருடத்துக்குள் விற்றால் 15 என்பது 20 ஆனது. 2038-ல் 20 ஆக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி ஆனாலும் 7 சதவீத உதாரணத்தில் கையில் 40 லட்சத்துக்குப் பக்கம் நிற்கும், எஃப்டிக்கு மேல்தான்.

சீட்டு பற்றிக் கேட்பார்கள். 1982-ன் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டு, அவசரத்துக்குப் பணம் எடுக்க நல்ல ஏற்பாடு. சேமிக்க மட்டும் சேருகிறவர், நடத்துகிறவரின் கமிஷன் போகப் பெறுவது எஃப்டியைத் தாண்டாது. பதிவு இல்லாததைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தொண்ணூறுகளில் இந்த ஊரில் நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்துதான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பிபிஎஃப் என்ற பொது சேமநல நிதிக் கணக்கு ஏற்கெனவே நடக்கிறது. வருடத்துக்கு ஒன்றரை லட்சம்தான் போட முடியும், 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை. என் வரம்பில் இது 9 சதவீத எஃப்டிக்குச் சமம். புதிய முறையில் போடும் பணத்துக்குக் கழிவு கிடைக்காது என்பதால் பலர் நிறுத்திவிட்டார்கள். வட்டிக்கு விலக்கு அப்படியேதான் இருக்கிறது. சம்பளத்திலிருந்து ஏப்ரல் 5-க்குள் போட்டுவிடுகிறேன்.

பிரித்தது

ஆறு லட்சம் அப்பா பெயரில் அஞ்சலகத்தில். மூன்று மாதத்துக்கு 12,300 வரும், அது அவருடைய மருந்துக்கும் இஷ்டத்துக்கும். இரண்டு லட்சம் எஃப்டியில், விலைவாசியிடம் தோற்கும் என்று தெரிந்தே. நள்ளிரவில் ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போது சதவீதம் யாரும் கேட்பதில்லை. இரண்டு லட்சம் தங்க ஈடிஎஃப். பத்து லட்சம் குறியீட்டு நிதி, மாதம் ஒரு லட்சமாகப் பத்து மாதம்.

ஒரே தவணையில் போடுவதுதான் கணக்குப்படி பெரும்பாலும் லாபம். மனைவியிடம் சொன்னேன். "நீங்க மொத்தமா போட்டு மறுநாள் விழுந்துச்சுன்னா யாரு உங்களோட மாடியில நடக்கறது?" என்றாள். இந்த முறை கடவுச்சொல்லும் நினைவிருக்கிறது. பத்து மாதம் என்று ஆனது.

இனி வருடா வருடம் மார்ச்சில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருடத்தைத் தாண்டிய யூனிட்களில் ஒன்றேகால் லட்சம் வரை லாபம் வரும் அளவுக்கு விற்று, உடனே திரும்ப வாங்கிக்கொள்வது. அந்த லாபத்துக்கு வரி இல்லை, வாங்கிய விலையும் மேலே ஏறிவிடும். வருடத்துக்கு 16,250 ரூபாய் வரை மிச்சம், நேரம் அரை மணி. 56 வயதிலிருந்து மொத்தத்தையும் மூன்று நிதியாண்டுகளில் பிரித்து எடுக்கப்போகிறேன். சந்தை நன்றாக ஓடியிருந்து எல்லாவற்றையும் ஒரே வருடம் விற்றால், சம்பளத்தோடு சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டி வரிக்கு மேல் கூடுதல் வரியும் வந்துவிடும்.

அஞ்சலகத்துக்கு அப்பாவோடு போனோம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15எச் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாஸ்புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பத்து லட்சத்துக்குப் பாஸ்புக் எங்கடா?"

"அதுக்குப் பாஸ்புக் கிடையாதுப்பா. போன்லதான்."

"அப்போ அதையும் உயில்ல எழுதிடு. நீ, உன் பொண்டாட்டிக்கு."

அது எனக்குத் தோன்றவே இல்லை.